இரண்டாவது மகளின் கேள்வி

செவ்வாய்க்கிழமை காலை ஏழு பத்துக்கு என் மகளுக்கு "போய்ச் சேர்ந்திட்டியா?" என்று செய்தி அனுப்பினேன். ஒரு சரி அடையாளம் விழுந்தது. இரண்டாவது விழவில்லை.

கனடாவில், மல்வேர்னில் எங்கள் குசினியில் ஏழு பத்து என்றால், அவள் நின்ற கிரேக்கத் தீவில் பிற்பகல் இரண்டு பத்து. நண்பகலுக்குப் படகால் இறங்கியதும் எழுதியிருந்தாள்: "நடக்கத் தொடங்கிட்டன் மா. மேக்ஸ் ரெண்டு மணித்தியாலம். மேலை போன உடனை டெக்ஸ்ட் பண்ணுறன்." துறைமுகத்திலிருந்து மலைமேல் இருக்கும் ஊருக்கு ரோட்டும் இருக்கிறது, பழைய நடைபாதைகளும் இருக்கின்றன. எதால் போகிறாள் என்று நான் கேட்கவில்லை.

இருபத்துமூன்று வயது. வங்கியில் வேலை. லீவு எடுத்துத் தனியாகப் போனாள். ஆகஸ்ட் பதினைந்தாம் திகதி மாதா பெருநாளுக்கு அந்த ஊர்ப் பெண்கள் தங்கள் பழைய உடுப்பை உடுத்து, கைகோத்து, மணிக்கணக்கில் ஆடுவார்கள். அதைப் பார்க்க வேண்டும் என்று ஐந்து வயதிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தவள். அந்த ஆசையை அவளுக்குள் போட்டது, அந்த ஊரில் பிறந்த ஒரு தையற்கடைக்காரி.

இன்று வெள்ளிக்கிழமை. எழுத உட்கார்ந்தது அந்தத் தையற்கடைக்காரிக்காகத்தான். அவருடைய பெயரை எழுதப்போவதில்லை. தீவின் பெயரையும் எழுதப்போவதில்லை. அங்கே எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும்.

டான்ஃபோர்த் வீதியிலிருந்து பிரியும் ஒரு தெருவில், பேக்கரிக்கும் சாவி வெட்டும் கடைக்கும் நடுவில் அவருடைய கடை இருந்தது. காற்சட்டை நீளம் குறைப்பது, சிப் மாற்றுவது, கலியாண உடுப்பை இடுப்பில் விரிப்பது. எல்லோரும் அவரைக் 'கிரியா' என்று கூப்பிட்டார்கள். கிரேக்கத்தில் அம்மணி என்கிற மாதிரி. ஐம்பது வயது இருக்கும். கட்டையானவர், அகன்ற தோள். ஆறேழு குண்டூசிகளைக் கடைவாயில் கடித்துக்கொண்டே பேசுவார், ஏசுவார், சிரிப்பார். ஒன்றும் விழாது.

வேலை கேட்டுப் போன அன்று நான் தைத்த சட்டை ஒன்றைக் காட்டுவதற்குக் கொண்டுபோனேன். அவர் சட்டையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"தீனோஸ் ஈஸே?"

எனக்கு விளங்கவில்லை. ஆங்கிலத்தில் திருப்பிக் கேட்டார். அவருடைய ஆங்கிலம் உடைந்த ஆங்கிலம். அதை என் தமிழில்தான் என்னால் எழுத முடியும்.

"நீ ஆரின்ரை பிள்ளை?"

இந்தக் கேள்வி எப்படி வரும் என்று எங்கள் ஆட்களுக்குத் தெரியும். முதலில் "எவடம்?" பிறகு "எவடத்திலை எவடம்?" கடைசியில் "ஆரின்ரை பிள்ளை?" அந்த மூன்றாவது பதிலோடு கேட்டவரின் முகம் விரியும், அல்லது சுருங்கும். நான் சுருங்கும் முகங்களைப் பார்த்து வளர்ந்தவள். எங்கள் தீவில் மாதா கோயிலின் எந்த வாங்கில் நாங்கள் உட்காரலாம் என்பதைக்கூட அந்தப் பதில்தான் தீர்மானித்தது. கனடாவுக்கு வந்தபோது உயிர் தப்பியதற்கு அடுத்ததாக நான் சந்தோசப்பட்டது, இனி ஒருவரும் அதைக் கேட்கமாட்டார்கள் என்பதற்காக. வந்து நாலாம் மாதம், ஒரு வெள்ளைக்காரப் பெண் கேட்டுவிட்டார்.

"நானும் ஒரு தீவுதான்," என்று மட்டும் சொன்னேன்.

"ஆடு இருக்கோ?"

"இருக்கு."

"காத்து?"

"சரியான காத்து."

"நாளைக்கு வா," என்றார்.

எட்டு வருடம் அங்கே வேலை செய்தேன். அந்த எட்டு வருடமும் கிரியா கதவைத் திறந்து வந்த எல்லோரிடமும் அதைக் கேட்டார். தபால்காரரிடம், பார்க்கிங் டிக்கெட் எழுதுகிறவரிடம், குழந்தை வண்டியில் படுத்திருக்கும் கைக்குழந்தையிடம். மற்றக் கடைகளில் உடுப்பில் குத்தும் துண்டில் பெயரும் நம்பரும் எழுதுவார்கள். கிரியா, அந்த ஆள் யாருக்குச் சொந்தம் என்று எழுதுவார். 'பஸ் ஓட்டுறவனின்ரை மனிசி.' 'மூலை வீட்டு இத்தாலிக்காரியின்ரை மருமகள், நல்லவள்.' 'பல் டொக்டரின்ரை இரண்டாவது மனிசன்.' எல்லாம் கிரேக்க எழுத்தில். ரசீது தொலைந்துவிட்டது என்று ஒருவர் கையைப் பிசைந்தால், "உன்னை எனக்குத் தெரியும்தானே, ரசீது எதுக்கு?" என்று உள்ளே போய் எடுத்துவருவார். ஒரு உடுப்புக்கூடத் தவறியதில்லை.

சிலருக்கு இது பிடிக்காது. ஒரு நாள் ஒரு இளம் வக்கீல், "ஐ ஆம் மைசெல்ஃப்," என்றான். நான் என்னுடைய ஆள் என்று. கிரியா அவனைப் பரிதாபத்தோடு பார்த்து, காற்சட்டைக் காலை மடித்து ஊசி குத்தியபடி என்னிடம் சொன்னார்: "பாவம், காய்ச்சல் வந்தால் இவனுக்கு ஆர் சூப் வைப்பினம்?"

தன்னைப் பற்றி ஒருவரும் திருப்பிக் கேட்பதில்லை என்பதால், அவரே அடிக்கடி பதிலையும் சொல்லிக்கொள்வார். மெசினை மிதித்தபடி, செபம் சொல்வதுபோல, எப்போதும் ஒரே ஒழுங்கில்: "பாண் போறணைக்கு மேல் வீடு. கதவுக்கு மேலை ரெண்டு தலைப் பருந்து. நொண்டி மாலுமியின்ரை பேத்தி. விதவையின்ரை இரண்டாவது மகள்." ஊருக்கெல்லாம் பொதுவாகப் பாண் சுடுகிற அடுப்பாம் அந்தப் போறணை. எட்டு வருடம் கேட்டதில் எனக்கும் பாடமாகிவிட்டது.

அந்த 'இரண்டாவது மகள்' மட்டும் ஏன் மெதுவாக வருகிறது என்று எனக்குப் பிந்தித்தான் தெரிந்தது. ஒரு ஆகஸ்ட் பதினைந்து. அன்று அவர் கடை பூட்டு. எனக்கும் அது பரலோக மாதா பெருநாள். பூசை முடிந்து வரும் வழியில், மறந்து விட்டுவந்த குடையை எடுக்கப் பின்கதவால் போனேன். கிரியா வெட்டும் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, சின்னச் சின்ன அடியாக வைத்துப் பக்கவாட்டில் நகர்ந்துகொண்டிருந்தார். பாட்டு இல்லை. நெற்றியெல்லாம் வியர்வை.

"வந்து பிடி," என்றார். பிடித்தேன். இருவரும் மேசையைச் சுற்றி நகர்ந்தோம்.

"முன்னுக்கு மூத்த மகள்மார் ஆடுவினம்," என்றார். "கழுத்திலையிருந்து இடுப்பு மட்டும் தங்கக் காசு. ஆடேக்கை கலகல எண்டு கேக்கும். நான் வாலிலை."

"ஏன் வாலிலை?"

அப்போதுதான் சொன்னார். அவருடைய ஊரில் தாயின் வீடு, தாயின் நிலம், தாயின் தங்கம் எல்லாம் மூத்த மகளுக்கு. எங்கள் சீதனம் மாதிரித்தான், ஆனால் பங்கு கிடையாது. முழுக்க ஒருத்திக்கு.

"அப்ப இரண்டாவது மகளுக்கு?"

"மூத்தவவின்ரை ஆடுகளை மேய்க்கலாம்," என்று சிரித்தார். "மூத்தவவின்ரை பிள்ளையளைக் குளிக்க வாக்கலாம். நான் பத்தொன்பது வயதிலை கப்பல் ஏறிட்டன். துறைமுகம் மட்டும் மூத்தவ வந்தா. கையைப் பிடிச்சு, போகாதை எண்டு சொன்னா. பாதி வீடு தாறியோ எண்டு கேட்டன். பேசேல்லை. அதுக்குப் பிறகு நானும் பேசேல்லை."

முப்பது வருடம். ஒரு கடிதம் இல்லை, ஒரு போன் இல்லை. ஆனால் வருகிற போகிறவரிடமெல்லாம் நீ ஆரின்ரை என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

ஒருமுறை எங்கள் ஆட்கள் இருவர், கணவனும் மனைவியும், கோட் சுருக்க வந்தார்கள். அந்த அன்ரி என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தா.

"தங்கச்சி தமிழே? எவடம்?"

"தீவுப் பக்கம் அன்ரி."

"தீவிலை எவடம்?"

சொன்னேன்.

"ஓ. எங்கடை இவரின்ரை சொந்தக்காரர் கனபேர் அங்கை. நீங்கள் ஆரின்ரை பிள்ளை?"

என் கையிலிருந்த அளவு நாடா சுருண்டது. அப்பாவின் பெயரைச் சொன்னால் அந்த முகம் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். சொல்லாவிட்டாலும் அதே முகம்தான். கிரியாவுக்குத் தமிழில் ஒரு சொல் தெரியாது. ஆனால் மெசினை நிறுத்தினார். வாயிலிருந்த ஊசிகளுக்கு நடுவால், அந்த அன்ரியைப் பார்த்து, ஆங்கிலத்தில் ஒரு சொல் சொன்னார்.

"என்ரை."

அன்ரி சிரித்துச் சமாளித்தா. கோட்டை எடுக்கக் கணவனை மட்டும் அனுப்பினா. "அவ என்ன கேட்டவ எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்று பிறகு கிரியாவிடம் கேட்டேன். "உன்ரை மூஞ்சையைப் பாத்தன்," என்றார்.

அவருடைய பதில் எனக்குப் பிடித்தது. அவருடைய கேள்வியை மட்டும் கடைசிவரை என்னால் பொறுக்க முடியவில்லை. அது ஒருநாள் வெடித்தது.

மகள் பள்ளிக்கூடம் விட்டு நேரே கடைக்குத்தான் வருவாள். வெட்டும் மேசைக்குக் கீழே துணித் துண்டுகளில் இருந்து வீட்டுப்பாடம் செய்வாள். கிரியா குனிந்து, "தீனோஸ் ஈஸே?" என்பார். "அம்மான்ரை," என்பாள். ஒரு பிஸ்கட் கிடைக்கும். பிறகு தீவுக் கதை. "துறைமுகத்திலையிருந்து ஊருக்கு ரோட்டாலை போறவை சோம்பேறியள். நான் காஞ்ச ஆத்துக்குள்ளாலை ஓடுவன். மூத்தவ கழுதையிலை வந்து சேரமுந்தி நான் வீட்டிலை நிப்பன்." மகள் வாயைப் பிளந்து கேட்பாள். தைக்கிற சத்தத்தோடு கேட்டுப் பழகியதால் எனக்கு அவை காதில் விழுந்தும் மனதில் நிற்பதில்லை.

அவளுக்கு எட்டு வயதானபோது, ஒரு பிறந்தநாள் வீட்டில் யாரோ ஒரு அங்கிள் அவளைத் தூக்கி மடியில் வைத்து, "நீங்கள் ஆரின்ரை பேத்தி?" என்று கேட்பதைக் கண்டேன். திரும்பி வரும் பஸ்ஸில் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தேன். "இனி ஆரும் அப்பிடிக் கேட்டால், ஏன் கேக்கிறீங்கள் எண்டு திருப்பிக் கேள். வேறை ஒண்டும் சொல்லாதை." அவள் மறக்காமல் இருக்க மூன்று தரம் சொல்ல வைத்தேன்.

திங்கட்கிழமை கிரியா குனிந்தார். "தீனோஸ் ஈஸே?"

"ஏன் கேக்கிறீங்கள்?" என்றது பிள்ளை, வீட்டுப்பாடத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

கிரியா வாயிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஊசி மெத்தையில் குத்தினார். ஊசி இல்லாமல் அவர் பேசி நான் கேட்டதில்லை.

"பிள்ளையை ஆரின்ரையும் இல்லாமல் ஆக்கிப்போட்டாய்," என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. "உங்களுக்கு அது பாசம் கிரியா. எங்கடை சனம் அதாலை ஆளை நிறுக்கிறது. பதில் சரியில்லை எண்டால் கதிரை தரமாட்டினம். என்ரை பிள்ளையை ஒருத்தரும் நிறுக்கக் கூடாது."

"எங்கடை ஊரிலை அப்பிடி இல்லை."

அவர் மெசினுக்குப் போய்விட்டார். இரண்டு காற்சட்டை தைத்து முடித்தார். மூன்றாவதை எடுத்து வைத்துக்கொண்டு, தைக்காமல் இருந்தார்.

"இருக்கு," என்றார். "நான் ரெண்டாவது."

அதற்குப் பிறகு அவர் என் முன்னால் அதை ஒருவரிடமும் கேட்கவில்லை. துண்டுகளில் பெயரும் ரெலிபோன் நம்பரும் எழுதத் தொடங்கினார். அந்த வருடம்தான் கடையில் முதன்முதலாக ஒரு கோட் மாறிப்போனது.

பிறகு முழங்கால் நோவு வந்து கடையை மூடினார். மிஸ்ஸிஸாகாவில் மகனோடு போய் இருந்தார். வாறன், வாறன் என்று போனில் சொன்னேன். நான்கு பஸ் மாற வேண்டும், ஷிஃப்ட், படிப்பு, பிறகு பள்ளி நூலக வேலை, வீடு. கார் வாங்கிய பிறகும் போகவில்லை. அவர் இறந்து நான்கு மாதம் கழித்துத்தான், சாவி வெட்டுகிற மனிதர் சொல்லி எனக்குத் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

எட்டு மணிக்கு என் கணவரை அழைத்தேன். அஜக்ஸில் வேலையில் நின்றார். "போன் சார்ஜ் இல்லாமல் போயிருக்கும். சும்மா பதறாதை," என்றார். ஆனால் பத்து நிமிடத்தில் அவரே திருப்பி எடுத்து, "ஒண்டும் வரேல்லையோ?" என்றார். ஒன்பது மணிக்கு அவள் தங்கவேண்டிய இடத்துக்கு எடுத்தேன். வரவில்லை என்றார்கள். தீவின் பொலிசுக்கு எடுத்தேன். பெயரை எழுத்துக்கூட்டிக் கேட்டுவிட்டு, ஊருக்கு ஆள் வர நேரமாகும் என்றார்கள். பத்து நாற்பது. அங்கே ஐந்து நாற்பது. வெயில் இறங்க இரண்டு மணித்தியாலம் இருக்கும். தொலைபேசியில் அந்த ஊரின் வரைபடத்தைப் பெருப்பித்து, ஒரு கோப்பிக் கடையின் நம்பரைக் கண்டு அடித்தேன்.

எடுத்தவர் அமெரிக்காவில் இருபது வருடம் கப்பலுக்குப் பெயின்ற் அடித்தவராம். நல்ல ஆங்கிலம். நான் அழுதழுது சொன்னதைக் கேட்டார்.

"லேடி, பெருநாள் நேரம். படகு படகாய்ச் சனம் இறங்குது. ஆரெண்டு தேடுறது?"

"மண்ணிறம். நீலப் பை. தனியப் போனவள்."

"பொறுங்கோ," என்று இன்னொரு போனில் துறைமுகத்துக்குப் பேசினார். "ஓம், மத்தியானம் அப்பிடி ஒரு பெட்டைப்பிள்ளை இறங்கினதாம். படகடியிலை இருக்கிற கிழவன் ஆரின்ரை எண்டு கேட்டிருக்கிறான். பெட்டை சொல்லேல்லையாம். ஏன் கேக்கிறீர் எண்டு கேட்டதாம். அவன் கோவத்திலை மற்றப் பக்கம் திரும்பிட்டான். எந்தப் பக்கம் போனதெண்டு காணேல்லை."

அதை பஸ்ஸில் மூன்று தரம் சொல்ல வைத்தவள் நான்.

"லேடி? இருக்கிறியளோ? சரி, நீங்களாவது சொல்லுங்கோ. ஆரின்ரை பெட்டை?"

அப்பாவின் பெயர் அங்கே எதற்கு உதவும். என் பெயர் எதற்கு உதவும். கண்ணை மூடினேன். மெசின் ஓடுகிற சத்தம் கேட்டது. என் வாய் தானாகச் சொன்னது.

"பாண் போறணைக்கு மேல் வீடு. கதவுக்கு மேலை ரெண்டு தலைப் பருந்து. நொண்டி மாலுமியின்ரை பேத்தி. விதவையின்ரை இரண்டாவது மகள்."

அந்தப் பக்கம் ஒரு கோப்பை மேசையில் வைபட்டது.

"கனடாவுக்குப் போன தையற்காரியோ?"

"ஓம்."

"அவவின்ரை பிள்ளையோ?"

"ஓம்," என்றேன். அது பொய் என்று இப்போதும் எனக்குப் படவில்லை.

"மூத்தவ இருக்கிறா," என்றார் மெதுவாக. "ஆனால் அந்த வீட்டிலை தங்கச்சியின்ரை பேர் எடுக்கிறேல்லை. எடுத்தால் கதவைச் சாத்துவா."

"கேளுங்கோ ஐயா. சாத்தினால் சாத்தட்டும். ஒருக்கால் கேளுங்கோ."

போனை மேசையில் வைத்துவிட்டுப் போனார். யாரோ ஒரு நரம்பு வாத்தியத்துக்குச் சுருதி சேர்க்கும் சத்தம். ஆண்கள் சிரிக்கும் சத்தம். பெருநாளுக்குத் தயாராகிற ஊர். நான் கிரியாவின் கேள்வியை அவர் வாயிலிருந்து எடுத்துவிட்ட அந்தத் திங்கட்கிழமையை நினைத்துக்கொண்டிருந்தேன். பதினேழு நிமிடம்.

மூச்சு வாங்க வந்தார். "மூத்தவ கதவைச் சாத்தேல்லை. சொன்னா: 'அவளின்ரை பெட்டை எண்டால் ரோட்டிலை நிக்காது. காஞ்ச ஆத்துக்குள்ளாலை போயிருக்கும்.' லேடி, அது இப்ப ஒருத்தரும் போகாத பாதை. மழையிலை பாதி இடிஞ்சுபோச்சு."

"போய்ப் பாப்பினமோ?"

"அவ இப்பவே சப்பாத்துப் போட்டிட்டா. நான் வாகனத்தை எடுக்கிறன்."

பன்னிரண்டு இருபத்தைந்துக்கு அந்தக் கோப்பிக் கடை மனிதரின் போனிலிருந்து மகள் பேசினாள். கணுக்கால் முறிந்திருந்தது. கல் சறுக்கி விழுந்தபோது போன் பள்ளத்துக்குள் போய்விட்டதாம். ஆறு மணித்தியாலம் கல்லில் சாய்ந்து இருந்திருக்கிறாள். கத்திப் பார்த்திருக்கிறாள், ஆடுகள்தான் எட்டிப் பார்த்தனவாம்.

"முதல்லை பூட்ஸ் சத்தம்தான் கேட்டது மா," என்றாள். "நிமிர்ந்து பாத்தா ஒரு வயசான லேடி. கிரியான்ரை அதே ஷோல்டர்ஸ். முழங்கால் மட்டும் தோல் பூட்ஸ், பூப்போட்ட ஏப்ரன், தலையிலை கறுப்புத் துண்டு. பின்னாலை இந்த அங்கிள் மூச்சு வாங்கிக்கொண்டு. அவ வந்து எனக்கு முன்னாலை நிண்டு பாத்துக்கொண்டே இருந்தா. இப்ப கேக்கப்போறா எண்டு நினைச்சன். இந்த முறை சொல்லுவம் எண்டு வாயைத் திறந்தன்."

"சொன்னியா?"

"விடேல்லை மா. கையைக் காட்டி நிப்பாட்டிட்டா. அவ சொன்னதை அங்கிள்தான் இங்லிஷிலை சொன்னவர்."

"என்ன சொன்னவ?"

"'உன்னைக் கேக்க வரேல்லை. ஆரின்ரை எண்டு தெரிஞ்சுதான் வந்தனான். எழும்பு, உங்கடை வீட்டை போவம்.'"